ஐந்தரை மணிச் சாப்பாடு

சமையல்காரியை அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது. பயிற்சிக்கு! அதுவும் மாநிலம் முழுக்க இருக்கிற இல்லங்கள் ஒன்றுசேர்ந்து நடத்துகிற பயிற்சிக்கு!

எடுத்த எடுப்பிலேயே எரிந்து விழுகிறாளே என்று நினைக்காதீர்கள். என் சுபாவம் அப்படி. "ஜெயவதிக்குக் கோவம் முதல் பஸ்ல வந்துடும், காரணம் அடுத்த பஸ்ல மெதுவா வரும்" என்று என் வீட்டுக்காரர் ஜினசந்திரன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அவர் வாயை நான் எங்கே போய்க் கட்டுவது?

ஆரணியில் போளூர் சாலையில் இருக்கிற புதுவாசல் கூர்நோக்கு இல்லத்துக்கு நான்தான் கண்காணிப்பாளர். பதினோரு வருஷமாக. கூர்நோக்கு இல்லம் என்றால் ஊரில் பாதிப் பேர் 'சின்னப் பசங்க ஜெயில்' என்பார்கள். ஜெயில் இல்லை. பதினெட்டு வயது ஆகாத பையன் ஒரு வழக்கில் மாட்டினால், விசாரணை முடிகிறவரை அவனை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். எங்களுடையது, எங்கள் சமணப் பெரியவர்கள் சிலர் ஆரம்பித்த அறக்கட்டளை நடத்துவது. இருபத்திரண்டு பையன்கள், நான்கு காப்பாளர்கள், சமையலுக்குக் கற்பகம், பக்கத்துத் தெரு விசைத்தறிகளின் சத்தம். இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

ஆனால் ஒழுங்கான ராஜ்ஜியம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர்கூடக் குறை எழுதிவிட்டுப் போனதில்லை. காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி, மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்குச் சுண்டலும் டீயும், மாலை ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு. நான் வருவதற்கு முன்னால் அது ஏழரைக்கு இருந்ததாம். வந்த முதல் வாரமே மாற்றினேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். சூரியன் இறங்கின பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதையும் போட்டதில்லை. சமண நியமம், எனக்கு ஐம்பத்து நான்கு வருஷப் பழக்கம். பொழுதோடு சாப்பிட்டால் வயிறும் நன்றாக இருக்கும், பாத்திரமும் வெளிச்சத்திலேயே கழுவி முடியும், கற்பகமும் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாள். நானும் பையன்களோடு தரையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுவேன். எந்த ஊரில் எந்தக் கண்காணிப்பாளர் அப்படிச் செய்கிறார், சொல்லுங்கள் பார்க்கலாம்!

அந்த ஒழுங்கில் கல்லாக விழுந்தவன் கிரண். பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. நல்ல உயரம். யாரோ சேக்காளிகளோடு சேர்ந்து பைக் திருடின வழக்கு. ஆறு மாதத்தில் மூன்று அடிதடி. கடைசியாக ரஞ்சித்குமார் என்கிற பையனின் முன்பல்லை உடைத்துவிட்டான். பையன்களின் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் கேட்டுவிட்டார்கள். இவனை இங்கேயே வைப்பதா, பெரிய பையன்களுக்கான பாதுகாப்பு இல்லத்துக்கு மாற்றுவதா? அடுத்த மாத விசாரணைக்குள் கண்காணிப்பாளர் அறிக்கை தரவேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லம் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அவன் அம்மா ஹேமலதா போளூரில் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து கேட்டில் நிற்பாள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போட்டுட்டாங்கன்னா நான் எப்டி மேடம் போய்ப் பாக்கறது? போவ ஒரு நாளு, வர ஒரு நாளு. ரெண்டு நாளு சேந்தாப்ல மில்லுல உடமாட்டாங்களே. அவனுக்கு என்னை உட்டா யாரு இருக்கா?"

"உன் பிள்ள கையை வெச்சிகினு சும்மா இருந்தா நான் ஏம்மா அனுப்பப்போறேன்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மேசை டிராயரில் அறிக்கையின் முதல் வரி ஏற்கெனவே எழுதி இருந்தது: 'இச்சிறுவன் காரணமின்றித் தாக்கும் இயல்புடையவன்.'

இந்த லட்சணத்தில்தான் பயிற்சி வந்து சேர்ந்தது. வேறு வேறு இல்லங்களின் பணியாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும், ஒத்துழைக்க வேண்டும், மூன்று நாள், இந்த முறை ஆரணியில், ஏற்பாடுகள் புதுவாசல் பொறுப்பு என்று துறையிலிருந்து கடிதம். நாற்பது பேருக்குக் கல்யாண மண்டபம் பிடித்து, தங்க இடம் பார்த்து, டீக்குச் சொல்லி, மைக் செட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்று, நான் படாத பாடு பட்டேன். வருகிறவர்களாவது தகுந்த ஆட்களாக வரவேண்டாமா? தென்கோடியில் இருக்கிற ஓர் இல்லத்திலிருந்து ஒரு பெண் ஒயர் கூடையும் கையுமாக வந்து இறங்கினாள்.

"எந்தப் பதவிம்மா?" என்றேன், பதிவேட்டில் எழுத.

"சமையலுக்கா. கண்ணகி. எங்க வார்டன் அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கு. சூப்பிரண்டு சாருக்குக் கோர்ட்டு. 'பணியாளர்'னுதான போட்டிருக்கு, நீ போயிட்டு வான்னுட்டாவ."

அப்போதுதான் அந்தச் சுர். இந்தப் பயிற்சிக்கு இவ்வளவுதான் மரியாதை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, 'பணியாளர்' என்றே எழுதிவைத்தேன்.

பயிற்சி கொடுக்க வந்தவள் சிவசங்கரி. சென்னைப் பெண், முப்பது வயது இருந்தால் அதிகம். முதல் நாள் எங்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்து போடச் சொன்னாள். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தனக்குப் பிடித்த பலகாரத்தைச் சொல்லவேண்டுமாம். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிற ஒரு பெரியவர் 'அதிரசம்' என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். என் தலையெழுத்தே என்று நானும் 'சுசியம்' என்றேன்.

இரண்டாம் நாள்தான் காரியத்துக்கு வந்தாள். ஒவ்வோர் இல்லமும் ஒரு வருஷச் சம்பவப் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அடிதடி, தப்பி ஓடியது, கதவை உடைத்தது, கையைக் கிழித்துக்கொண்டது, எது நடந்தாலும் நாளும் நேரமும் போட்டு அதில் எழுதுவோம். சிவசங்கரி மண்டபச் சுவரில் நீளமாக வெள்ளைத்தாள் ஒட்டி, இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் கட்டம் போட்டிருந்தாள். இல்லத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் அந்த நேரத்துக் கட்டத்தில் ஒரு பொட்டு ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கு வட்ட ஸ்டிக்கர் ஆரணியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எங்கள் காப்பாளர் பச்சையப்பன் காந்தி ரோட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடிப்போய் நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். கல்யாண மண்டபம், பொட்டு, பந்தி. மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் வரிசையில் நானே சிவப்புப் பொட்டு ஒட்டினேன். ஒட்டி முடித்து நாலடி பின்னால் வந்து பார்த்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. மற்ற இல்லங்களின் பொட்டுகள் பெரும்பாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. எங்களுடையது முப்பத்தொரு பொட்டு. அதில் இருபத்தாறு, ராத்திரி எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில். சிவப்பாக ஒரே கொத்து. நாற்பது பேருக்கு முன்னால், என் ஒழுங்கான ராஜ்ஜியம்!

"மேடம், அந்த நேரத்துல உங்க இல்லத்துல என்ன நடக்குது?" என்று சிவசங்கரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"எட்டரைக்கு டி.வி. நிறுத்துவோம். அதான் கோவம்."

"மத்த இல்லங்கள்லயும் நிறுத்தறாங்களே மேடம்."

"எங்க பசங்க அப்டி. ஒருத்தன் வந்து வாய்ச்சிருக்கான், இருக்கிறவங்களையும் கெடுக்கறான்" என்றேன். கிரணைத்தான் சொன்னேன்.

காப்பாளர் மாறுகிற நேரமா, விளக்கு மங்கலா, இடம் நெருக்கடியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசி வரிசையிலிருந்து கண்ணகி எழுந்தாள்.

"அக்கா, ராச்சோறு எத்தன மணிக்குப் போடுவிய?"

இது என்ன கேள்வி, சமையல்காரிக்குச் சமையல் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு, "அஞ்சரை" என்றேன்.

"சாயங்காலம் அஞ்சரையா?"

"பின்னே விடியக்காலமா?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் காலைல எட்டு மணிக்கு டிபன்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். "பதினாலரை மணி நேரமாக்கா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"இதோ பாரும்மா. நான் பொறந்ததுலேர்ந்து அப்டித்தான் சாப்படறேன். நான் ஒண்ணும் செத்துப்போயிடல. ஆரோக்கியமாத்தான் இருக்கேன்!"

கண்ணகி கோபப்படவில்லை. "நீங்க இருப்பிய அக்கா. உங்களுக்குப் பழக்கம். நீங்க பதினாறு வயசுப் பயலா?" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏற்பாடு செய்தவளே பாதியில் போனாள் என்று பேசுவார்களே என்றுகூடத் தோன்றவில்லை. சமையல்காரி! சோற்றைக் கிண்டுகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் வழியெல்லாம் பொருமிக்கொண்டு நடந்தேன்.

இல்லத்துக்குப் போனபோது மணி ஐந்தரை. கற்பகம் பரிமாறிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல நானும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் எப்போதும் என் தட்டை மட்டும் பார்க்கிற நான், அன்றைக்கு அவர்கள் தட்டைப் பார்த்தேன். நாலு மணிக்குத்தான் சுண்டல் தின்றிருக்கிறார்கள். பாதிப் பையன்கள் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"தெனமும் இப்டித்தாங்க மேடம். மீந்துதான் போவுது" என்றாள் கற்பகம். "நீங்கதான் போன மாசம் அரிசியைக் கொறைச்சிக்கச் சொன்னீங்களே."

ஆமாம். நான்தான் சொன்னேன். வீணாகிறதே என்று சொன்னேன்.

கிரண் தட்டைக் கழுவிவிட்டு வந்தான். கூப்பிட்டு வராந்தாவில் நிற்கவைத்தேன்.

"டேய், ராத்திரி உனக்குப் பசிக்குமா?"

என்ன வம்புக்கு இழுக்கிறேனோ என்று முழித்தான். "அதெல்லாம் இல்ல மேடம்."

"ரஞ்சித்குமாரை எதுக்குடா அடிச்ச? நெஜத்தைச் சொல்லு."

"அதான் எழுதினீங்களே மேடம்."

"நான் என்னாத்த எழுதினேன்?"

"பிஸ்கட்டு தகராறுன்னு."

ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்துதான். 'பிஸ்கட் பாக்கெட் காரணமாக வாக்குவாதம்.' அதற்கு முன்னால்: 'பார்வையாளர் கொடுத்த மிக்சர் காரணமாக.' அதற்கும் முன்னால்: 'வாழைப்பழத்தைப் பறித்தமை.' பக்கத்துக்குப் பக்கம் தின்கிற பொருள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஆள் வந்தவனிடம் பாக்கெட் இருக்கும். வராதவன் ஒன்பது மணிக்கு அவனிடம் போய் நிற்கவேண்டும். கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? துணி துவைக்கச் சொல்லுவான், காலைப் பிடிக்கச் சொல்லுவான். ஹேமலதா ஒரு வாரம் விட்டுத்தான் வருவாள். கிரண் காலைப் பிடிக்கிற பையன் இல்லை. பதினோரு வருஷமாக எழுதி எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு நாள்கூடப் படித்துப் பார்த்ததில்லை.

"பசிக்குதுன்னு ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்களும் எங்களோட அஞ்சரைக்குத்தானே மேடம் சாப்படறீங்க. நீங்களே அதோட தாங்கிகினு இருக்கீங்க. நான் எப்டி மேடம் வந்து கேக்கறது?"

"போ, போய்ப் படி" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஜினசந்திரன் என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தச் சமையல்காரியைத் திட்டினேன், சிவசங்கரியைத் திட்டினேன், பொட்டு வாங்கிவந்த பச்சையப்பனைக்கூட விடவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நம்ம ஜினேஷ் பிளஸ் டூ படிக்கச்சொல்ல, முறுக்கு டின்னை எங்க வெப்பே?"

ஜினேஷ் எங்கள் மகன். இப்போது பெங்களூரில் வேலை. அந்த இரண்டு வருஷமும் முறுக்கு டின்னைப் பரண்மேல் வைக்காமல், அவன் படிக்கிற மேசைக்குக் கீழே வைப்பேன். அது பாட்டுக்கு ராத்திரியில் காலியாகும். நான் பார்க்காதமாதிரி காலையில் நிரப்பிவைப்பேன். அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வளர்கிற பிள்ளைக்கு ராத்திரி பசிக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். என் பிள்ளை விஷயத்தில் மட்டும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சரி, உடு. நாளைக்கி மாத்திடு" என்றார்.

அறக்கட்டளைச் செயலாளர் ஹேமசந்திரன் ஐயாவைக் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறவர், நியமங்களில் என்னைவிடக் கெட்டி. நம் இல்லத்து அடுப்பு இருட்டின பிறகு எரியவேண்டுமா என்று கேட்பார் என்று பயந்துகொண்டே போனேன். கேட்டார்.

"எதுக்கும்மா இப்ப நேரத்தை மாத்தணும்?"

"பசங்களுக்குப் பசிக்குதுங்க ஐயா."

"அந்தப் பசங்க நம்ம விரதம் எடுத்துகினவங்களா?"

"இல்லைங்க."

"அப்ப யாரு அவங்களைப் பட்டினி போடச் சொன்னது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நானும் வருஷா வருஷம் வந்து அஞ்சரைப் பந்தியைப் பாத்துட்டு, பேஷ் பேஷ்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குத் துணைக்கு ஒரு குற்றவாளி கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மண்டபத்துக்குப் போய் நேராகக் கண்ணகி முன்னால் நின்றேன். நேற்றுப் பேசியதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழக்கம் இல்லை. "உங்க இல்லத்துல சாப்பாட்டு நேரம் எப்டி, சொல்லும்மா. எழுதிக்கறேன்" என்றேன். அதற்குள் எல்லாம் இருந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்த ஒயர் கூடையைக் கீழே வைத்து இடம் விட்டாள்.

ஆறரைக்குச் சமைத்து முடித்து ஹாட் பாக்ஸில் போட்டுவைத்தால் சமையல்காரி இருட்டுவதற்கு முன்னே பின்னே கிளம்பிவிடலாம், காப்பாளர்கள் எட்டு மணிக்குப் பரிமாறலாம், படுக்கப் போகும்போது ஆளுக்கு ஒரு தம்ளர் பால் அல்லது கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை வருகிற தின்பண்டங்களையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு எல்லோருக்கும் பங்கு. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு சுவரில் அவர்கள் இல்லத்து வரிசையைப் பார்த்தேன். பச்சைப் பொட்டுகள் காலை ஆறு மணியில் குவிந்திருந்தன.

"அது குளிக்கப் போற சண்டைக்கா. நாலு குழாய், நாப்பது பயலுவ."

"எங்களுக்கு அந்தச் சண்டையே இல்ல" என்றேன். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. "முந்தின சாயந்தரமே வாளியில பேரு எழுதி ரொப்பி வெச்சிடணும். தோட்ட வேலை முறை உள்ளவன் முதல்ல. குழாய்கிட்ட ஒருத்தனும் போவக்கூடாது." அவளுக்கு எழுதத் தெரியும், ஆனாலும் என்னையே எழுதித் தரச் சொன்னாள். அவர்கள் சூப்பிரண்டு சமையல்காரி சொன்னால் நம்பமாட்டாராம். இல்ல முத்திரை போட்டே கொடுத்தேன்.

மாலையில் சிவசங்கரி எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்டாள். சம்பவப் பதிவேட்டில் எல்லா இல்லங்களும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டால் என்ன? 'கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு?' முதலில் கையைத் தூக்கியது நான். நாற்பது பேரும் சரி என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதிரசப் பெரியவர் தினமும் அதில் ஒரு சாமி படம் போட்டுப் பேஜார் பண்ணுகிறார் என்பதைத் தவிர, உபயோகமான குழு.

குழும விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எட்டு மணிச் சாப்பாடு தொடங்கிய பிறகு அந்தப் பன்னிரண்டு நாளில் ராத்திரிச் சண்டை ஒன்றே ஒன்று, அதுவும் கேரம் போர்டுக்காக. கிரண் அதில் இல்லை. கற்பகம் அரிசியைக் கூட்டச் சொல்லிக் கேட்டாள்.

நான் டிராயரைத் திறந்து அந்தப் பழைய வரியைக் கிழித்துப்போட்டேன். புதிதாக எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. 'சாப்பாட்டு நேரம் மாற்றப்பட்டதால் முன்னேற்றம்' என்று பட்டும் படாமல் எழுதிவிடலாம். ஏன் மாற்றவேண்டியிருந்தது, முதலில் அது யார் வைத்த நேரம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது. இரண்டு நாள் அப்படியும் இப்படியும் எழுதிப் பார்த்தேன். கடைசியில் உள்ளது உள்ளபடி எழுதினேன். பதினாலரை மணி நேரம் பட்டினி போட்டது நான், அந்த நேரத்தை வைத்தது நான், காரணத்தைப் பதிவேட்டில் எழுதியும் படிக்காதது நான், இந்தப் பையனை அனுப்பவேண்டாம். பொட்டுத் தாளையும் சுருட்டிக் கூடவே வைத்தேன்.

விசாரணை நாளில் கிரணோடு நானும் பச்சையப்பனும் இல்லத்து வேனில், போளூரையும் தாண்டி, மாவட்டத் தலைநகருக்குப் போனோம். ஹேமலதா எங்களுக்கு முன்னே வந்து காத்திருந்தாள். பல வழக்குகளுக்குப் பிறகு நாலு மணிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். குழுமத் தலைவர் ஓர் அம்மா. அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாய்விட்டே படித்தார். 'நான், நான்' என்று நான் எழுதினதெல்லாம் அந்த அறையில் கேட்டபோது எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

"கிரண், நீ எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவன் எழுந்து நின்றான். அவன் அம்மா கும்பிட்ட கையோடு அவனையே பார்த்தாள்.

"ஆமாம்மா. மேடத்தை மாத்திடாதீங்கம்மா. அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கணும், சொல்லல. பல்லை ஒடைச்சது நான்தான். அவங்களை எங்கயும் தூரமா போட்டுடாதீங்க."

நான் அவனுக்காகப் பேச வந்தேன். அவன் எனக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்தான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "யாரையும் எங்கயும் மாத்தலப்பா" என்றார். கிரண் ஆரணியிலேயே இருக்கலாம். ரஞ்சித்குமாரின் பல்லுக்கு இல்லமே வைத்தியம் பார்க்கவேண்டும். சாப்பாட்டு நேரத்தை மாதாமாதம் குழுமத்துக்கு எழுதவேண்டும். எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார்: "பதிவேட்டை எழுதினா படிக்கவும் படிங்க மேடம்." படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே வந்ததும் ஹேமலதா என் காலில் விழப்போனாள். "என்னம்மா இது, காலு கீலுன்னு! உன் பிள்ளைதான் என்னைக் காப்பாத்தினான்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இந்த ஞாயிறு முறை இல்லையென்றாலும் வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

போளூரை எங்கள் வேன் தாண்டும்போது மணி ஐந்தே முக்கால். காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் அப்படியே என் பையில் இருந்தது. மத்தியானமும் சாப்பிடவில்லை, பயத்தில் பசி தெரியவில்லை. சூரியன் மலைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. சரி, இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலில் தலையைச் சாய்த்தேன்.

"மேடம்" என்றான் கிரண் பின்சீட்டிலிருந்து.

"என்னாடா?"

"டப்பாவை எடுங்க. சூரியன் போவப்போவுது."

திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவனாக.

"உனக்கு வேணாமா?"

"எனக்கு எட்டு மணிக்கு இருக்குது மேடம். நீங்க ஜல்தி சாப்டுங்க."

பச்சையப்பன் வேனை மெதுவாக ஓட்டினார். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை அழுகையாக வந்தது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன்.